வாசற்படியை அளந்த தொண்டர்கள்

(யூபிலி விழாச் சிந்தனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கப்பர்நாகும் ஊரில் ஆண்டவர் போதித்த வீட்டை நாம் அறிவோம். முடக்குவாதமுற்ற ஒருவரைப் படுக்கையோடு சுமந்து வந்த நால்வர், கூட்டத்தால் வாசல் அடைபட்டதைக் கண்டு, கூரையைத் திறந்து அவரை உள்ளே இறக்கினார்கள். அவருக்குத் தடையாயிருந்தது அவருடைய நோய் மட்டுமன்று, அடைபட்ட வாசலுமன்றோ? அந்த நால்வரின் பணியை இக்காலத்தில் பெருநகர வீதிகளில் செய்வோரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 முதல் செப்டம்பர் 8 வரை பாரிஸ் மாநகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. சுமார் 4,400 வீரர் வீராங்கனைகள் கலந்துகொண்டனர். ஆனால் 1900இல் தொடங்கிய அந்நகரத்துச் சுரங்க ரயிலில், எல்லா நிலையங்களிலும் சக்கர நாற்காலியோடு ஏறி இறங்கக்கூடிய தடம் அப்போது ஒன்றே ஒன்றுதான்: 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் தடம். மற்றத் தடங்களில் படிக்கட்டுகளே மிகுதி. அரங்கத்தில் இருக்கை கிடைத்தால் போதுமா? போய்ச் சேர வழி வேண்டும்; பசியாற உணவகம் வேண்டும்; கழிப்பறை வேண்டும். இவை எங்கே உண்டு என்று முன்னரே அறிய முடியாதவர், வீட்டிலேயே தங்கிவிடுகிறார்.

இக்குறையைப் போக்கத் தொண்டர்கள் முன்னமே புறப்பட்டார்கள். தாமே சக்கர நாற்காலியில் செல்பவரான ரவுல் கிரவுத்தவுசன், பெர்லின் நகரில் நண்பர்களோடு சேர்ந்து 2010இல் 'வீல்மேப்' என்ற வரைபடத்தைத் தொடங்கினார். கைப்பேசியில் எவரும் அதைப் பார்க்கலாம். எவரும் அதில் விவரம் சேர்க்கலாம். பிரான்சிலும் 'ஜாக்செட்' என்ற சங்கத்தின் தொண்டர்கள் வீதிகளில் இறங்கி இவ்வாறே விவரம் திரட்டினர்.

வீல்மேப் முறை எளிது. படியே இல்லாமல் எல்லா அறைகளுக்கும் செல்லக்கூடிய இடத்திற்குப் பச்சை நிறம். வாசலில் 7 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒரே படி இருந்து, முக்கிய அறைகளுக்குத் தடையின்றிச் செல்ல முடிந்தால் மஞ்சள். செல்லவே முடியாத இடம் சிவப்பு. சிவப்புக் குறியும் உதவியே. வீண் அலைச்சலை அது தவிர்க்கிறது. லிப்ட் பழுதாகலாம், வாசலை மாற்றிக் கட்டலாம். ஆகவே குறித்த இடத்தையே மீண்டும் சென்று பார்க்கிறார்கள்.

"நான்கு பேர் பிடித்துத் தூக்கிவிட்டால் போயிற்று" என்று நாம் நல்லெண்ணத்தோடு சொல்வதுண்டு. ஆனால் ஞாயிறுதோறும் பிறர் தூக்கிவிட்டே வரவேண்டியவர், கூச்சத்தால் ஒருநாள் வராமலே நின்றுவிடுகிறார். அவருக்கு நாம் செலுத்தவேண்டியது இரக்கம் மட்டுமன்று. உரிமையுள்ள இடமும் ஆகும்.

இந்த யூபிலி ஆண்டில் நமது ஆலயத்தையும் அளந்து பார்ப்போமா? இளைஞர்கள் அளவு நாடாவை எடுக்கட்டும். வீட்டிலேயே நற்கருணை பெறும் நம்மவரிடம், எந்தப் படி உங்களைத் தடுத்தது என்று முதலில் கேட்போம். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு படிகளுக்கு, 1க்கு 12 என்ற கணக்கில், 3.6 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் போதும். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும், கெபிக்கும், கல்லறைத் தோட்டத்திற்கும் வழி பார்ப்போம்.

கொடியேற்றத்தன்று ஒருவரும் வெளியே நிற்காத பங்காக நாம் விளங்க, அன்னை மரியாள் நமக்காகப் பரிந்து பேசுவாராக.