ரொக்கமா, தவணையா? கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவோம்!

(ஊர்க் கூட்டங்களில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோவை நகரத்தையே நிறுத்திக் காட்டியவர்கள் நம்முடைய அப்பாக்களும் பெரியப்பாக்களும். இன்றைக்கு ஊருக்கு எத்தனை வண்டி மாடு இருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏர் ஓட்ட ஆள் இல்லை, மாடு கட்ட ஆள் இல்லை. மழை பெய்து ஈரம் காய்வதற்குள் ஓட்டியாக வேண்டும். வாடகை டிராக்டர்க்காரரோ, "பெரிய தோட்டம் முடியட்டும், நாளைக்கழிச்சு வர்றேன்"கிறார். அவர் வருவதற்குள் ஈரம் போய்விடுகிறது. அதனால்தான் நம்மைப் போன்ற மூணு ஏக்கர், நாலு ஏக்கர்க்காரர்களும் சின்ன டிராக்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். வாழைக்குள்ளே, கரும்புக்கு இடையிலே, தென்னந்தோப்பிலே புகுந்து ஓட்ட அது தோதான வண்டிதான். வாங்குவது தப்பு என்று சங்கம் சொல்லவில்லை.

எப்படி வாங்குகிறோம் என்பதில்தான் நம்முடைய நிலம் மிஞ்சுமா, மிஞ்சாதா என்பது இருக்கிறது. ஒரு பக்கம், "கடனே வேண்டாம், நகையை வித்தாவது ரொக்கமாக் கட்டிடுங்க"கிறார்கள். இன்னொரு பக்கம், "பத்தாயிரம் கட்டுங்க, சாவியை வாங்குங்க"கிறார்கள். இரண்டு பேருடைய பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தவணைக் கணக்கு

வண்டி விலை 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 1 லட்சம் கட்டுகிறோம். 4 லட்சம் கடன். ஐந்து வருடம். "வட்டி 10 சதவீதம்தாங்க" என்கிறார் கடன் கொடுப்பவர். அந்தப் பத்து எந்தப் பத்து என்று நாம் கேட்பதில்லை. சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதல் வகை, அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கு. அரை வருடத்துக்கு ஒரு தவணை, மொத்தம் பத்துத் தவணை. ஒவ்வொன்றுக்கும் அசல் 40,000. முதல் தவணையில் வட்டி 20,000, அடுத்ததில் 18,000, அதற்கடுத்து 16,000. இப்படியே இறங்கிக் கடைசித் தவணையில் வட்டி 2,000தான். எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து வருட வட்டி 1 லட்சத்து 10 ஆயிரம்.

இரண்டாவது வகை, 'பிளாட்' வட்டி. நீங்கள் எவ்வளவு அசல் கட்டி முடித்திருந்தாலும் கடைசி மாதம் வரை முழு 4 லட்சத்துக்கும் வட்டி. வருடத்துக்கு 40,000, ஐந்து வருடத்துக்கு 2 லட்சம். மாதம் 10,000 வீதம் 60 மாதம், மொத்தம் 6 லட்சம்.

இரண்டுக்கும் பேர் 10 சதவீதம். வித்தியாசம் 90,000 ரூபாய்! இந்த பிளாட் பத்தைச் சரியான கணக்கில் போட்டால் 17 சதவீதத்துக்கு மேலே போகிறது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்னால் அந்தப் பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள்.

'வட்டியே இல்லை' என்றால்?

"பண்டிகைச் சலுகை, வட்டியில்லாத் தவணை" என்று நோட்டீஸ் வருகிறது. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுப் பணமும் இப்பவே கட்டினா என்ன விலைக்குத் தருவீங்க?" அவர் 4 லட்சத்து 60 ஆயிரம் என்கிறார் என்று வைப்போம். அப்படியானால் வண்டியின் விலை 4 லட்சத்து 60 ஆயிரம்தான். தவணைக்காரருக்கு 5 லட்சம் என்றால், நடுவில் உள்ள 40,000தான் வட்டி.

இரண்டரை லட்சம் கட்டி, மீதி இரண்டரை லட்சத்தைப் பன்னிரண்டு மாதத்தில் சமமாகக் கட்டச் சொல்கிறார். உண்மையில் அவர் நமக்குக் கொடுத்த கடன் 2 லட்சத்து 10 ஆயிரம். அதற்கு மேல் வாங்குவது 40,000. மாதாமாதம் அசலும் கட்டிக்கொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், நம்ம ஊர்ப் பேச்சில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் 80 காசு. கிட்டத்தட்ட மூணு வட்டி! இதற்குத்தான் 'வட்டியில்லை' என்று பெயர். ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்காமல் முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் ரொக்கம்தான் நல்லதா?

அவசரப்பட வேண்டாம். ரொக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது.

மஞ்சள் வித்த காசு, கரும்பு ஆலையிலிருந்து வந்த காசு, மாடு வித்த காசு எல்லாவற்றையும் திரட்டி ரொக்கமாகக் கட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கடன் இல்லை, நிம்மதி. ஒரு மாதம் கழித்து ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் கருகிப் போகிறது. பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். விதை, உரம், வெட்டுக்கூலி. கையில் காசு இல்லை. அவசரத்துக்கு ஒரு லட்சம் மூணு வட்டிக்கு வாங்குகிறோம். வருடத்துக்கு 36,000 வட்டி.

இப்போது முன்னால் போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள். வங்கியில் 4 லட்சம் கடன் வாங்கியிருந்தால் முதல் வருடத்து வட்டி 20,000மும் 18,000மும் சேர்ந்து 38,000. நாலு லட்சத்துக்கு மிச்சம் பிடித்த வட்டியை ஒரு லட்சத்தில் விட்டுவிட்டோம்! கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்குக் கை நீட்டுகிறவன் சட்டப் புத்தகத்தையா பார்க்கிறான்?

ஆகவே சங்கம் சொல்வது இதுதான். ஒரு வருடச் சாகுபடிச் செலவு, வீட்டுச் செலவு, மோட்டார் பழுதானால் எடுக்க ஒரு தொகை: இந்த மூன்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதற்கு மேல் மிஞ்சுகிற பணத்தைத்தான் டிராக்டருக்குப் போட வேண்டும். அப்படி மிஞ்சுகிற பணம் முழு விலைக்கும் போதுமானால் ரொக்கமாக வாங்குங்கள். அதைவிட நல்ல வழி இல்லை. போதாவிட்டால், முடிந்த அளவு முன்பணம் கட்டி, மீதிக்குக் குறைந்த காலத்தில், அசல் குறையும் கணக்கில் கடன் வாங்குங்கள். தாலிக்கொடியை அடகு வைத்து முன்பணம் கட்டினால் இரண்டு இடத்தில் வட்டி ஓடும். அதைச் செய்யாதீர்கள்.

கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தேதி தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. அந்தப் பணத்தைத் தூக்கி டிராக்டரில் போட்டால், தேதி தவறும். வட்டியில்லாக் கடன் வட்டிக் கடனாகிவிடும். பயிர்க்கடன் பயிருக்கு மட்டும்தான்.

இன்னொன்று. ரொக்கம் என்றால் மஞ்சப்பையில் கட்டுக்கட்டாக எடுத்துப் போவது அல்ல. ஒரே ஆளிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ நோட்டாக வாங்கக் கூடாது என்று 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. வங்கிக் கணக்கு வழியாகவே கட்டுங்கள். நமக்கும் அதுதான் சாட்சி.

வண்டிக்கு வேலை இருக்கிறதா?

4 லட்சம் கடனுக்கு முதல் வருடத் தவணை அசலும் வட்டியுமாக 1 லட்சத்து 18 ஆயிரம். மணிக்கு 1,000 ரூபாய் வாடகை, டீசல், ஓட்டுநர் கூலி, தேய்மானம் போக 500 நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், தவணைக்கு மட்டுமே 236 மணி நேரம் வண்டி வெளியே ஓட வேண்டும். அந்த வேலை நம்ம ஊரில் இருக்கிறதா? ஏற்கெனவே ஊரில் எத்தனை வண்டி நிற்கிறது? இதை எண்ணாமல் வாங்கினால் வண்டி களத்தில் நிற்கும், தவணை மட்டும் ஓடும்.

வேலை போதாது என்று தெரிந்தால், பங்காளிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குங்கள். யார் எந்த நாள், பழுதுச் செலவு யார் பேரில் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகைக்கு டிராக்டர் கொடுக்கிறது. உழவன் செயலியில் பதியலாம். வாடகைக்கு ஓட்டுவது கௌரவக் குறைச்சல் அல்ல. வண்டியைப் பறிகொடுத்து நிற்பதுதான் மனசு தாங்காதது.

கையெழுத்துக்கு முன்னால்

ஒன்று. மானியம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு என்று வைத்தார்கள். அனுமதி உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் வண்டி வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது.

இரண்டு. பில்லைப் பாருங்கள். டிராக்டருக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வரி சேர்க்காத விலை 5 லட்சம் என்றால் 35,000 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். அது நமக்கு வந்ததா, நடுவில் யாராவது விழுங்கினார்களா?

மூன்று. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்ந்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று ஒரு விவரத்தாள் கொடுக்க வேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. தமிழில் கேளுங்கள். கொடுக்காதவரிடம் கடன் வேண்டாம்.

நான்கு. தவணை தவறினால் அபராதக் கட்டணம் போடலாம். அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. இதுவும் ரிசர்வ் வங்கி 2023-ல் சொன்னதுதான்.

ஐந்து. வெற்றுக் காசோலை, வெற்றுத் தாள், நிரப்பாத படிவம் எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம். வீட்டுப் பெண்களைச் சாட்சிக்கு அழைத்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறு. மாதத் தவணை பால்காரருக்கும் சம்பளக்காரருக்கும் சரி. நமக்கு அறுவடைக்கு அறுவடைதான் காசு. அரை வருடத் தவணை கேளுங்கள்.

ஏழு. கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்திலிருந்து கடன்காரர் பெயரை நீக்குங்கள். நீக்காதவரை வண்டி முழுசாக நம்முடையது ஆகாது.

மானம் முக்கியம்

2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியை டிராக்டரிலிருந்து இழுத்துப் போட்டு அடித்ததை நாடே படத்தில் பார்த்தது. அடித்தவர்களில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். குண்டர்களை விட்டு வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகும் இப்படி! யாராவது வண்டியைப் பிடுங்க வந்தால், எழுத்து மூலமான நோட்டீஸ் எங்கே, நீங்கள் யார், அடையாள அட்டை எங்கே என்று கேளுங்கள். தனியாக நின்று கைகலப்பு வேண்டாம். உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்தில் பச்சைத் துண்டு போட்டவர்கள் வந்து நிற்போம்.

நமது கோரிக்கைகள்

* ஒவ்வொரு டிராக்டர் கடையிலும் ரொக்க விலை, தவணை விலை, மொத்த வட்டி ஆகியவற்றைத் தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.
* கூட்டுறவு வங்கிகள் சின்ன டிராக்டருக்குக் குறைந்த வட்டியில், அறுவடைத் தவணையில் கடன் தர வேண்டும்.
* மானியத் தொகையை இழுத்தடிக்காமல் வழங்க வேண்டும்.
* பயிர் அழிந்த பருவத்தில் தவணையை அடுத்த அறுவடைக்குத் தள்ளிவைக்க வேண்டும். வண்டியைப் பறிக்கக் கூடாது.

விளைச்சலுக்குக் கட்டுபடியான விலை கிடைத்திருந்தால் நாம் ஏன் கடன்காரர் வாசலில் நிற்கிறோம்? அந்தப் போராட்டம் தொடரும். அதுவரைக்கும், நம்ம கையெழுத்து நம்ம கையில்தான் இருக்கிறது. வண்டி நமக்காக உழ வேண்டும். வண்டிக்காக நாம் உழக் கூடாது.

நம்ம ஊரில் யார் டிராக்டர் வாங்கப் போனாலும் கடன் தாளைச் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். கூட்டிக் கழித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

உழவர் ஒற்றுமை ஓங்குக!