வாவிக்கரையில் ஒரு வாசிப்பு வட்டம்

(மட்டக்களப்பு வாவியோரக் கிராமமொன்றில், போயா விடுமுறை நாளன்று, சங்க அங்கத்தவர்களும் அயலவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)

 

சங்கம் என்றால் சம்பளம், சந்தா, வேலைநிறுத்தம். அதற்குள் கதைப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, எங்கள் வாசிப்பு வட்டத்தை எப்படி நடத்துகிறோம் என்று சொல்கிறோம். உங்கள் ஊரிலும் ஒன்று தொடங்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

முதலில் எங்கள் தொழிற்சங்கத்தின் வேரைப் பாருங்கள். கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் போவதற்குப் புடவை வியாபாரி வேடம் போட்டார் என்பது எல்லோரும் அறிந்த கதை. சங்கம் கட்ட வந்த அந்த மனிதர் பத்திரிகையும் அச்சுக்கூடமும் நடத்தினார். அவர் எழுதியதை வாசிக்கத் தெரிந்தவர்கள் லயத்தில் மிகச் சிலர். ஆகவே அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாடினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கவாதி. கவிதையும் நாவலும் எழுதினார், தோட்டத்து மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடிச் சேர்த்தார். சங்கமும் புத்தகமும் எங்களுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

கடல் கடந்தும் இந்தக் கதை உண்டு. 1865இல் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையொன்றில் தொழிலாளர்கள் ஒரு வாசிப்பாளரை அமர்த்தினார்கள். அவர்கள் சுருட்டுச் சுற்ற, அவர் சத்தமாகப் பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அவருடைய கூலியைத் தொழிலாளர்களே கைக்காசு போட்டுக் கொடுத்தார்கள். மறு வருடமே அரசாங்கம் அதைத் தடை செய்தது. பின்னால் அந்த வழக்கம் அமெரிக்காவின் தம்பா நகரத்துக்கும் போனது. 1931இல் அங்கே முதலாளிமார் வாசிப்பாளர்களை நிறுத்தியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கதை கேட்கும் உரிமைக்காக ஒரு வேலைநிறுத்தம்!

இந்த வாவிக்கரைக்கும் வாசிப்பு வட்டம் புதிதல்ல. வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில் சடங்கில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். ஒருவர் படிக்க ஊர் கூடியிருந்து கேட்கும். அரசன் முன்னால் போய் நியாயம் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு அது. முஸ்லிம் ஊர்களில் சீறாப்புராணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் இருந்தது. மலைநாட்டு லயங்களில் பெரிய எழுத்துப் புத்தகம் வைத்திருந்தவரைச் சுற்றி இரவில் ஆட்கள் கூடினார்கள். எழுத்துத் தெரியாதவரும் புத்தகம் கேட்டு வளர்ந்த சனங்கள் நாங்கள்.

இந்த மூன்று வகை ஆட்களும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். எங்களில் சிலர் 1970களின் பஞ்சத்தாலும் 1977 வன்செயலாலும் தோட்டங்களை விட்டுக் கிழக்குக்கு வந்த குடும்பங்கள். யுத்தம் ஊர்களைப் பிரித்தது. 1990க்குப் பிறகு ஒரு ஊர்ச் சனம் அடுத்த ஊர்த் திண்ணையில் இருந்து பேசவே பயந்த காலம் இருந்தது. இன்று சந்தையில் மீன் வாங்குகிறோம், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறோம். ஆனால் ஒரு மணித்தியாலம் ஓரிடத்தில் இருந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பது எங்கே நடக்கிறது? தென்னந்தோட்டத்திலும் முந்திரித் தோட்டத்திலும் வேலை செய்கிற இரண்டு ஊர்க்காரர் ஒருவரையொருவர் அறியாவிட்டால், சம்பளப் பேச்சு வரும்போது ஒருவரைக் காட்டி மற்றவரை அடக்குவது சுலபம். இதுதான் எங்கள் முதல் பதில்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

இடம். வீடு வீடாக மாறி மாறி நடத்தலாம் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது வேண்டாம். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுக்க முடியாத வீட்டுக்காரர் மூன்றாம் மாதமே வராமல் நின்றுவிடுவார். கோயில் மண்டபமும் வேண்டாம், பள்ளிவாசல் வளவும் வேண்டாம். எவருக்கும் வாசலில் கால் தயங்கக்கூடாது. முன்பள்ளிக் கட்டடம், வாசிகசாலை, மர நிழல் போதும். வெறும் பிளேன்டிதான். அதற்கு மேல் ஒன்றும் கொண்டுவரக்கூடாது என்பது விதி.

நேரம். பெண்களைக் கேட்டு நேரம் வையுங்கள். தண்ணீர், சமையல், பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டு அவர்களால் வர முடிகிற நேரம்தான் வட்டத்தின் நேரம். போயா நாளில் பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கி 4.30க்கு முடிப்பது எங்களுக்குச் சரிவருகிறது. படுவான்கரைப் பக்கம் இருட்டினால் யானைப் பயம் உண்டு. பொழுது சாயுமுன் எல்லோரும் வீடு சேர வேண்டும்.

புத்தகம். பதினைந்து பேருக்குப் பதினைந்து பிரதி வாங்க எங்களால் முடியாது, தேவையும் இல்லை. ஒரே பிரதி, சத்தமாக வாசிப்பு. இருபது நிமிடத்தில் முடிகிற சிறுகதை. பக்கத்துக்குப் பக்கம் வாசிப்பவர் மாறலாம். எவரையும் வாசி என்று கட்டாயப்படுத்தக்கூடாது. பள்ளிக்கூடமே போகாத ஆச்சியும், உயர்தரம் படிக்கிற பேத்தியும் அப்போது ஒரே கதையை ஒரே நேரத்தில் அறிவார்கள். பிரதேச சபை நூலகத்தில் அங்கத்தவரானால் புத்தகம் இரவல் கிடைக்கும். 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன, பிள்ளைகளின் போனிலேயே திறக்கலாம். தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் தொடங்குங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய நாவல் கிராமப் பிறழ்வு என்று தமிழில் வந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் எம். எம். உவைஸ். சிங்களவர் எழுதி முஸ்லிம் தமிழாக்கிய புத்தகத்தைத் தமிழர் வீட்டுப் பிள்ளை வாசிக்கக் கேட்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அது நீண்ட நாவல், ஆகையால் மாதம் ஒரு பகுதியாக எடுங்கள்.

நூலகவியலாளர் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகர் உண்டு என்பது மூன்றாவது. அதே வருடம் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எங்களுக்கு ஒரு சைக்கிள் கரியர் போதும்.

பேச்சு. இங்கேதான் பெரும்பாலான வட்டங்கள் உடைகின்றன. சங்கத் தலைவர், ஆசிரியர், பென்சன் எடுத்த அதிகாரி, இவர்கள் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். எங்களுக்கும் மேடைப் பேச்சுப் பழக்கம், சொல்லத் தேவையில்லை. ஆகவே இரண்டு விதி. எல்லோருக்கும் ஒரு தரம் பேச வாய்ப்புக் கிடைக்கும் வரை எவரும் இரண்டாந்தரம் பேசக்கூடாது. பொறுப்பில் உள்ளவர் கடைசியாகப் பேச வேண்டும். கதையின் கருத்து என்ன என்று கேட்காதீர்கள், அது சோதனைக் கேள்வி. கதையில் யார் மேல் கோபம் வந்தது, யாருக்காகப் பாவப்பட்டீர்கள் என்று கேளுங்கள். பேசாமல் இருக்கும் அக்காவும் அதற்குப் பதில் சொல்வார்.

சண்டையும் வரும். சீதனம், மது, மதம், யுத்தம் எல்லாம் கதைகளில் இருக்கிறது. கதையில் வருகிற ஆளைப் பற்றி எதுவும் பேசலாம், எதிரில் இருக்கிற ஆளைப் பற்றிப் பேசக்கூடாது. எவரிடமும் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கக்கூடாது. ஒருவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வெளியே கொண்டுபோகாதீர்கள். குரல் உயர்ந்தால் பிளேன்டியைக் கொடுத்துவிடுங்கள். வட்டத்தில் சந்தா சேர்ப்பதும் கட்சி பேசுவதும் இல்லை. வேறு சங்கத்தவரும் எந்தச் சங்கத்திலும் இல்லாதவரும் நம்பிக்கையோடு வர வேண்டுமென்றால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

கடைசிக் கால் மணித்தியாலம் கடதாசிக்கு. சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கணக்கு, பிரதேச செயலகக் கடிதம், எதுவாயினும் கொண்டுவரலாம். பெயரை மறைத்துக்கொண்டு கதையைப் போலவே சத்தமாக வாசிப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். நம்பிக்கை நிதிப் பணத்தை எங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் நிறைந்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேர வேண்டும். இதைத் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுத்தால் மடித்து வைத்துவிடுவார்கள். கதையைப் பற்றிப் பேசிப் பழகிய வாய் இதைப் பற்றியும் கேள்வி கேட்கிறது.

1948இல் குடியுரிமை பறிபோன பின், 1949ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க இரண்டு வருடம் கொடுத்தது. படிவம், அத்தாட்சி, விசாரணை என்று எல்லாமே எழுத்து. எழுதியிருப்பது என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைத்த பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வாசிப்பு எங்களுக்குப் பொழுதுபோக்காகவும் இருக்கலாம், காவலாகவும் இருக்க வேண்டும்.

முடிக்குமுன் ஒரு சொல். நான்கு பேர் வந்தாலும் வட்டத்தை நடத்துங்கள். மழை என்றால் தள்ளி வைக்கலாம், ஆள் குறைவு என்று தள்ளி வைக்காதீர்கள். பொறுப்புக்கு இருவர் வேண்டும், அதில் ஒருவர் பெண். ஒரு கொப்பி வாங்கித் திகதி, கதையின் பெயர், வந்தவர் தொகை, அடுத்த கதை என்று நான்கு வரி எழுதுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், நூலகங்கள் அப்போது உதவி செய்யும். அடுத்த போயாவுக்கு எந்த ஊர் தொடங்குகிறது என்று இன்று போகுமுன் சொல்லுங்கள். முதல் கூட்டத்துக்குப் புத்தகத்தோடு நாங்கள் வருகிறோம்.