ரோச் பற்றறியும் எங்கள் ஊர்ப் பழக்கமும்



இன்றைக்கு ஒரு சின்னச் சாமானைப் பற்றிக் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன். எங்கள் எல்லோர் வீட்டிலும் ஏதாவதொரு லாச்சிக்குள் கிடக்கிற சாமான். சட்டைப் பையிலும் அடங்குகிற சிறிய ரோச் லைற். அதற்குள் இருக்கிற பற்றறியைப் பற்றித்தான் என் பேச்சு.

2023 ஏப்ரில் 5 ஆம் திகதி, புதன்கிழமை, மொன்றியலில் உறைமழை பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். மரங்கள் முறிந்து கம்பிகளில் விழ, ஹைட்றோ கியூபெக்கின் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. எங்கள் வீட்டிலும் இருட்டு. லாச்சிக்குள் இருந்த சின்ன ரோச்சை எடுத்தேன். கட்டையான இரண்டு லித்தியம் பற்றறி போடுகிற ரோச் அது. வெளிச்சம் மங்கலாக இருந்தது. மேலதிகமாகக் கையில் இருந்தது ஒரேயொரு புதுப் பற்றறிதான். ஒன்றைக் கழற்றிவிட்டு அந்தப் புதியதைப் போட்டேன். மற்றது பழையது. நல்ல வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ரோச் கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது. பயந்துபோய் நிற்பாட்டி, பல்கனியில் படிந்திருந்த ஐஸுக்கு மேல் கொண்டுபோய் வைத்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

மின்சாரம் திரும்பி வந்த பிறகுதான் இரண்டாவது சங்கதி. சுவரடி ஹீற்றருக்கு மேல் ஒரு சிறு தட்டு இருந்தது. அதற்குள் அந்தப் பழைய லித்தியம் பற்றறிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. தொட்டால் சுடுகிறது. அம்மாவிடம் கேட்டேன்.

"ஏன் பிள்ளை, ஊரில எத்தினை தரம் இப்பிடிச் செய்திருக்கிறம். கொஞ்சம் சூடு காட்டினா இன்னும் ரெண்டு நாளைக்கு எரியும்" என்றார்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. 1990 யூனில் திரும்பச் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. எரிபொருளோடு பற்றறியும் தடை செய்யப்பட்ட பொருளானது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டதும், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு எரித்ததும் எங்கள் சனத்துக்கு மறக்காது. அந்த நாளில் ஒரு பற்றறி கிடைப்பது பெரிய காரியம். செத்துப்போன பற்றறியை வெயிலில் காய வைப்போம். ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவோம். புதிதோடு பழையதைச் சேர்த்துப் போடுவோம். பங்கருக்குள் இறங்குவதற்கு அந்த வெளிச்சம் போதும். வன்னியில் இருந்தவர்களுக்கு இந்தத் தடை 2002 வரை நீடித்தது.

அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றிய பழக்கம். அதை நான் ஒருபோதும் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் அதே பழக்கத்தை லித்தியம் பற்றறியில் காட்டினால் வீடு எரியும். நான் இன்றைக்குச் சொல்ல வந்த முக்கியமான விசயம் இதுதான்.

ஏன் அப்படி என்று பார்ப்போம். ஊரில் நாங்கள் பாவித்த எவரெடி மாதிரியான பற்றறி நாகமும் கரியும் கொண்டது. 1.5 வோல்ற். உள்ளே இருப்பது தண்ணீரில் குழைத்த உப்புக் களி. அது காய்ந்துபோனால் உப்புத் தண்ணீர் விட்டதும் ஓரளவு வேலை செய்யும். சூடு காட்டினால் இரசாயன வேலை கொஞ்சம் விரைவாக நடக்கும். அதனால்தான் மங்கிய பற்றறி திரும்ப எரிந்தது. பிழைத்துப்போனால் அதிகம் போனால் கசிந்து ரோச்சைக் கறள் பிடிக்க வைக்கும்.

லித்தியம் பற்றறி வேறு சாதி. அதற்குள் தண்ணீர் கிடையாது. லித்தியத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஆகவே எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தைத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். ஒரு அளவுக்கு மேல் சூடேறினால், அந்தச் சூடே உள்ளே இன்னும் சூட்டை உண்டாக்கும். பிறகு வெளியிலிருந்து நாங்கள் நிறுத்த முடியாது. புகை, நச்சு வாயு, நெருப்பு என்று வரிசையாக வரும். ஆணி அடித்தாலும், நசுங்கினாலும், அடுப்பிலோ ஹீற்றரிலோ வைத்தாலும் இந்த ஆபத்து இருக்கிறது.

ரோச்சில் இன்னொரு பிரச்சினை. நல்ல ரோச் என்றால் தண்ணீர் போகாதபடி அலுமினியக் குழாயில் றப்பர் வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே போகாது என்றால் வாயுவும் வெளியே வராது. பற்றறி உள்ளே வாயுவைக் கக்கினால், கையில் இருப்பது ரோச் அல்ல, அடைத்த வெடிக்குழாய்.

நான் செய்த பிழையையும் சொல்கிறேன். இரண்டு பற்றறியை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும்போது, பழையது முதலில் தீர்ந்துபோகும். புதியதில் இன்னும் பலம் இருக்கும். அது தன் மின்னோட்டத்தைத் தீர்ந்துபோன பற்றறிக்குள்ளால் பிடித்துத் தள்ளும். தீர்ந்தது தலைகீழாக மின்னேற்றப்பட்டுச் சூடாகும், வாயு விடும். ஊர்ப் பற்றறியிலும் இது நடக்கும், ஆனால் கசிவோடு நின்றுவிடும். லித்தியத்தில் வெடிப்பு வரை போகலாம். ஆகவே இரண்டு போடுகிற ரோச்சுக்கு இரண்டையும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து, ஒரே கொம்பனிப் பற்றறியாக மாற்றுங்கள்.

அடுத்தது, லித்தியம் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கிறது. முதலாவது, ஒருதரம் பாவித்து எறிகிற வகை. சி ஆர் 123 ஏ என்று எழுதியிருக்கும், 3 வோல்ற். இதைச் சார்ஜ் பண்ணவே கூடாது. இரண்டாவது, திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணுகிற லித்தியம் அயன். இதை 1991 இல் சோனி முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டு வந்தது. சாதாரணமாக 3.7 வோல்ற், நிறையச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ற். குழப்பம் எங்கே வருகிறது என்றால், இந்த இரண்டு வகையும் ஒரே பருமனிலும் வருகின்றன. அது மட்டுமல்ல, 14500 என்று எழுதிய லித்தியம் அயன் பற்றறி எங்கள் சாதாரண டபிள் ஏ பற்றறியின் அதே அளவு. வோல்ற்றோ இரண்டு மடங்குக்கும் மேல். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்குள் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அளவு பொருந்துகிறது என்பதற்காகப் பற்றறியைப் போடாதீர்கள். எழுதியிருப்பதை வாசியுங்கள்.

பெரிய வெளிச்சம் தருகிற ரோச்சுகளில் 18650 என்ற பற்றறி இருக்கும். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அந்த இலக்கத்தின் கருத்து. 2021 யனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, இதைத் தனித்தனியாக வாங்கவும் வேண்டாம், பாவிக்கவும் வேண்டாம் என்று எச்சரித்தது. கணினி போன்ற சாதனங்களின் பற்றறித் தொகுதிக்குள் வைக்கத் தயாரித்தவற்றை எடுத்து, மேல் உறை மாற்றி, தனியாக விற்கிறார்கள் என்பதே காரணம். அவற்றில் பாதுகாப்புச் சுற்று இருக்காது. ஒரு அடையாளம் சொல்கிறேன். நல்ல கொம்பனிகளின் 18650 பற்றறி 3,500 மில்லி அம்பியர் மணி அளவில்தான் நிற்கிறது. மலிவுப் பற்றறியில் 9,900 என்று போட்டிருந்தால் அது பொய். அந்த இலக்கத்தில் பொய் சொல்பவன் பாதுகாப்பில் உண்மை சொல்லுவான் என்று நம்ப ஏலாது.

எங்கள் ஊர்க் குளிருக்கென்று ஒரு விசயம் இருக்கிறது. காருக்குள் ரோச் வைத்திருப்பவர்கள் பலர். லித்தியம் அயன் பற்றறியைப் பூச்சியப் பாகை சென்ரிகிறேட்டுக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. குளிரில் சார்ஜ் பண்ணினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படியும். அது பிறகு உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம். ஆகவே காரிலிருந்து கொண்டு வந்த ரோச்சை உடனே செருகாதீர்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் வீட்டுக்குள் இருக்கட்டும். வெயில் காலத்தில் அதைக் காரின் கண்ணாடிக்குக் கீழே விடவும் வேண்டாம்.

சார்ஜ் போடும்போது விழித்திருங்கள். படுக்கையிலோ சோபாவிலோ வீட்டு வாசலிலோ வைக்க வேண்டாம். சட்டைப் பையில் திறப்பும் சில்லறைக் காசும் இருக்கும்போது தனிப் பற்றறியைச் சேர்த்துப் போட வேண்டாம். இரண்டு முனையும் உலோகத்தில் முட்டினால் பைக்குள்ளேயே சுடும். ஒரு பிளாஸ்ரிக் பெட்டி போதும். ரோச்சைப் பையில் கொண்டு போகும்போது பின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி விடுங்கள். பல ரோச்சுகளில் இதுவே பூட்டு மாதிரி. அழுத்தியும் எரியாவிட்டால் பூட்டியாயிற்று என்று கருத்து.

ஊருக்குப் போகும்போது சொந்தக்காரருக்கு ரோச் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியான லித்தியம் பற்றறியைப் பெரிய சூட்கேஸுக்குள் போடக் கூடாது. விமானத்தின் அடியில் பற்றினால் யாருக்கும் தெரியாது. முனைகளுக்கு ரேப் ஒட்டிக் கைப்பைக்குள் வையுங்கள்.

சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டி ரோச்சுக்குள் இருப்பது சி ஆர் 2032 மாதிரியான காசு வடிவ லித்தியம் பற்றறி. குழந்தை அதை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கியூபெக் நச்சு முறிப்பு நிலையத்தின் இலக்கம் 1-800-463-5060. எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

பற்றறி வீங்கியிருந்தால், உறை கிழிந்திருந்தால், காரணமில்லாமல் சுட்டால், ஒரு விதமான இனிப்பு மணம் வந்தால் அதைத் திரும்பப் பாவிக்காதீர்கள். சீறுகிற சத்தமோ புகையோ வந்துவிட்டால் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள், கதவைச் சாத்துங்கள், 911 அழையுங்கள். பெரிய அளவில் இது எப்படிப் போகும் என்பதை எங்கள் நகரமே பார்த்தது. 2024 செப்ரெம்பர் 23 அன்று மொன்றியல் துறைமுகத்தில், 15,000 கிலோ லித்தியம் பற்றறி இருந்த கொன்ரெய்னர் ஒன்று தீப்பற்றியது. அக்கம்பக்கத்துச் சனத்தை யன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள்.

முடிந்துபோன பற்றறியைக் குப்பையிலும் போடாதீர்கள், மீள்சுழற்சிப் பெட்டியிலும் போடாதீர்கள். குப்பை லொறி நசுக்கும்போது தீப்பிடிக்கும். முனைக்கு ரேப் ஒட்டி, நகரசபையின் எக்கோசென்ரருக்கோ, பற்றறி சேகரிக்கும் பெட்டி வைத்திருக்கிற கடைக்கோ கொடுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு ரோச்சை விட்டுவிட்டு மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கிவிடாதீர்கள். 1998 யனவரிப் பனிப்புயலில் கியூபெக்கில் சில இடங்களில் ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. அப்படியொரு நாள் திரும்பவும் வரலாம். இருட்டில் ரோச்தான் பாதுகாப்பு. வயோதிபரும் சிறுவரும் இருக்கிற வீட்டில், சாதாரண டபிள் ஏ அல்கலைன் பற்றறி போடுகிற ரோச் ஒன்றும், பிரிக்காத புதுப் பற்றறிப் பெட்டி ஒன்றும் வைத்திருங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான். சோறு போட்டுச் சாப்பிடவும் மாடிப்படி இறங்கவும் அது தாராளம்.

எங்கள் அம்மாவிடம் நான் இதையெல்லாம் ஆறுதலாக இருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பழசை எறியத்தான் வேணுமோ?" என்று கேட்டார். ஓம் அம்மா என்றேன். ஒரு பற்றறியை எறிவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இப்போது எங்கள் வீட்டில் பழைய பற்றறிகளுக்கு ரேப் ஒட்டி வைப்பது அவருடைய வேலை. எக்கோசென்ரருக்குக் கொண்டு போவது என்னுடைய வேலை.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டு லாச்சியை ஒருதரம் திறந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்கும் அப்பாவுக்கும், ஏன் என்ற காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் காரணம் கேட்டு வாழ்ந்தவர்கள், விளங்கிக்கொள்வார்கள்.