தோட்டனூத்தும் நாமும்



வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறி, ஆட்சியை நிர்ணயிக்கும் பிரஜைகளாகிவிட்ட, பட்டம் பெறும் மாணவர்களாகிய உங்களிடம், ஒரு தேர்தலை அடுத்து வீடிழந்தவர்களைப் பற்றிப் பேசவே இன்று என் மனம் விழைகிறது.

1977 ஜூலை 21-ஆம் தேதி இலங்கையில் நடந்த பொதுத்தேர்தலில், ஜயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஸ்தானங்களில் 140-ஐக் கைப்பற்ற, தனி ஈழம் கோரி நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஸ்தானங்களுடன் பிரதான எதிர்க்கட்சியாயிற்று. அடுத்த மாதமே கலவரம் மூண்டது. யாழ்ப்பாணத்தில் போலீசாருக்கும் பொதுமக்களுக்கும் விளைந்த சச்சரவு, வதந்திகளால் ஊதிப் பெருக்கப்பட்டு, தெற்கே பரவி, தனி ஈழம் கோராத மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளான லயங்களையும் சூறையாடியது. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளரை நாடற்றவராக்கியதன் விளைவாக, அவர்களில் மிகப் பலர் வாக்குரிமையே இல்லாதவராயிருந்தனர்; பிறர் அளித்த வாக்குக்காக அவர்கள் அடிபட்டார்கள் என்பதை நினைக்கையில் இன்றும் என் நெஞ்சு கொதிக்கிறது.

சிலர் இலங்கையின் வடக்கேயுள்ள வன்னிக் காட்டில் குடிசை போட்டனர். பலர், 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே, பாட்டனார் விட்டுப்போன தமிழகத்துக்குக் கப்பலேறினர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, சம்பந்தப்பட்டவரின் அபிப்பிராயம் கேளாமலே மனிதரைத் தலைக்கணக்கில் பங்கிட்டதை ராஜதந்திரம் என்று சொல்ல என் நா எழவில்லை.

1983-இல் இலங்கையில் மீண்டும் மூண்ட கலவரத்துக்குப் பின் அகதிகளாய்ப் படகேறி வந்தோரின் கதை இன்னும் முடியவில்லை. நம் திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில், 2022-இல் தமிழக அரசு அவர்களுக்காக 321 வீடுகள் கட்டிக்கொடுத்தது; ஒழுகாத கூரை கிடைத்தது பெரிய காரியமே. ஆயினும், அத்தகைய அகதி முகாமில் பிறந்து, நம் பாடசாலைகளில் படித்து, உங்களைப் போலவே பட்டமும் பெற்ற பிள்ளை, பிரஜாவுரிமை இன்மையால் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப்போட முடிவதில்லை. ‘செக்கிங்’ என்று அவர்கள் சொல்லும் நாளில், கிடைத்த கூலிவேலையையும் விட்டுவிட்டு, தன் முகத்தை அதிகாரிக்குக் காட்ட வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இதற்குச் சட்டத்தில் ஒரு சிறு வாசல் உண்டு. 1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பொதுவாகப் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. இதை எடுத்துக்காட்டி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நியாயம் பெற்று, 2024 பொதுத்தேர்தலில் வாக்களித்தவர் முகாம்வாசிகளிடையே உண்டு. பின்னர் பிறந்தோருக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. அதைத் திறக்கும்படி பாராளுமன்றத்தை வற்புறுத்துவது, வாக்குள்ள உங்கள் கடமை. அதுவரை, நகராட்சி, ஆஸ்பத்திரி ஏடுகளில் புதைந்து கிடக்கும் பழைய பிறப்புச் சான்றுகளைத் தேடியெடுக்கவும், பிழையின்றி மனு எழுதவும், அலுவலக வாசலில் அவர்களோடு காத்து நிற்கவும் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே தோட்டனூத்துக்குப் போய்வாருங்கள்.