சிரிப்புக்கு எதிராக ஓர் அவசரச் சட்டம்



ஒரு கேலி நாடகத்தின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். பெரிய நாடகம் முடிந்த பிறகு ஆடப்பட்ட ஒரு சின்னத் துண்டு அது. மேடை ஏறியது சில இரவுகள்தான். அதை நிறுத்துவதற்காகப் பிறந்த சட்டமோ 140 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது.

1875 டிசம்பர். விக்டோரியா ராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் எட்வர்டு கல்கத்தாவுக்கு வருகிறார். ஊரெல்லாம் தோரணம், விருந்து. பவானிப்பூரில் ஜகதானந்த முகர்ஜி என்றொரு வழக்கறிஞர். உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்கு வாதாடுபவர். அவர் இளவரசரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். கூடத்தோடு நிறுத்தவில்லை, அந்தப்புரத்துக்கே அழைத்துப் போனார். வீட்டுப் பெண்கள் சங்கு ஊதி, குலவையிட்டு வரவேற்றார்கள். அந்த வகை வீடுகளில் பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாத காலம் அது. ஊர் கொதித்தது. கவிஞர் ஹேமச்சந்திர பந்தோபாத்யாயர் அதைக் கேலி செய்து ஒரு கவிதையே எழுதினார்.

பீடன் தெருவில் கிரேட் நேஷனல் தியேட்டர் என்றொரு அரங்கம் இருந்தது. புவன்மோகன் நியோகி என்ற இளைஞர் 1873இல் கட்டிய மரக்கொட்டகை. சௌரிங்கியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய அரங்கத்தைப் பார்த்துக் கட்டியது. கட்டடம் மட்டுமல்ல, ஆடும் முறையும் அங்கிருந்து வந்ததுதான். லண்டன் அரங்குகளில் கனமான நாடகம் முடிந்ததும் கடைசியில் ஒரு கேலி நாடகம் போடுவார்கள்; அழுதவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும் என்று. வங்காளிகள் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் அந்தக் கடைசித் துண்டில் மாமியார், வாடகை வீடு, ஆள் மாறாட்டம். கல்கத்தாவில் அதே இடத்தில் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் வந்து நின்றார்கள்.

1876 பிப்ரவரி 19. முதலில் ‘சரோஜினி’ நாடகம். அது முடிந்ததும் ‘கஜதானந்தரும் யுவராஜாவும்’. ஜகதானந்தர் கஜதானந்தர் ஆகிவிட்டார். முதல் இரண்டு எழுத்துகள்தான் இடம் மாறின. மற்றதெல்லாம் பார்த்தவர்களுக்கே தெரியும். இதன் பின்னால் இருந்தவர் இயக்குநர் உபேந்திரநாத் தாஸ். போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னது. குழு என்ன செய்தது தெரியுமா? ‘ஹனுமான் சரித்திரம்’ என்று பெயரை மாற்றி மறுபடியும் ஆடியது!

போலீஸ் ஆணையர் பெயர் ஹாக். கண்காணிப்பாளர் பெயர் லாம்ப். ஆங்கிலத்தில் முதல் பெயர் பன்றி என்ற சொல்லைப் போல ஒலிக்கும், இரண்டாவது ஆட்டுக்குட்டி என்ற சொல்லைப் போல. அடுத்து வந்த கேலி நாடகத்துக்குக் குழு வைத்த தலைப்பே ‘பன்றி, ஆடு போலீஸ்’. அன்று தேதி மார்ச் 1. அதற்கு முந்தின நாள், பிப்ரவரி 29 அன்று, வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்திருந்தார். அவதூறு, ராஜத்துரோகம், ஆபாசம் என்று அரசு கருதும் எந்த நாடகத்தையும் தடை செய்யலாம் என்றது அந்தச் சட்டம். அது வந்த மறுநாள்தான் இந்தத் தலைப்போடு மேடை ஏறியிருக்கிறார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

மார்ச் 4ஆம் தேதி அரங்கில் வேறொரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் உள்ளே புகுந்து உபேந்திரநாத்தையும் மேலாளர் அமிர்தலால் போஸையும் மற்றவர்களையும் பிடித்துப் போனது. குற்றச்சாட்டைக் கவனியுங்கள். கேலி நாடகத்தின் மீது வழக்கு இல்லை. ‘சுரேந்திர வினோதினி’ என்ற வேறொரு நாடகம் ஆபாசமானதாம். அதில் ஒரு வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடக்கிறான். ஆபாசம் என்று அவர்கள் கண்டது அதைத்தான். கேலி நாடகத்தின் மீது வழக்குப் போட்டிருந்தால் இளவரசரின் பவானிப்பூர் விஜயம் நீதிமன்றத்தில் அலசப்பட்டிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்த வழி என்பது என் கணிப்பு. உபேந்திரநாத்துக்கும் அமிர்தலாலுக்கும் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் அவசரச் சட்டம், 1876ஆம் ஆண்டின் 19ஆம் சட்டமாக, நாடக நிகழ்ச்சிகள் சட்டமாக, நிலைத்துவிட்டது.

ஒன்றை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கேலி நாடகத்துக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி, ‘நம் வீட்டுப் பெண்களை அந்நியன் பார்ப்பதா’ என்ற ஆண்களின் கோபம். அந்தப் பெண்களிடம் யார் கேட்டார்கள், உங்களுக்கு வெளியே வர விருப்பமா என்று? அதே அரங்கில் நடித்த பெண்களோ, கௌரவமான குடும்பங்கள் வாசலில் நிற்கவும் விடாத தெருக்களிலிருந்து வந்தவர்கள். நடிகை வினோதினி தாசி அந்தக் கொட்டகையில்தான் சிறுமியாகச் சேர்ந்தார். நாடகத்தைப் போற்றும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. போலீஸ் அரங்கில் நுழையலாம். திரைச்சீலை, ஒப்பனை உடைகளைக்கூட எடுத்துப் போகலாம். சமய விழாக்களில் ஆடும் ஜாத்ரா என்ற நாட்டார் நாடகத்துக்கு மட்டும் விலக்கு. வெள்ளைக்காரன் போன பிறகும் இது போகவில்லை. 1953இல் லக்னோவில் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ கதையை இப்டா என்ற இந்திய மக்கள் நாடக மன்றம் நாடகமாக்கியபோது இதே சட்டம் குறுக்கே வந்தது. 1956இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது.

நம் ஊரில்? 1954இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. நடிகர் எம்.ஆர். ராதா இராமாயணத்தை மேடையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. யாரை மனதில் வைத்து அந்தச் சட்டம் வந்தது என்பதை இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை எதிர்த்து வழக்காடியவர் ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய நம் ஞாநி. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. ‘பரீக்ஷா’ ஞாநி நாடகத்துக்குச் செய்த தொண்டில் இதை முதல் வரிசையில் வைக்கிறேன். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2017ஆம் ஆண்டின் நீக்கல் சட்டத்தால். பழைய சட்டங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே பட்டியலில் போனபோது, அதில் இதுவும் ஒன்று.

கைதான நாளில் அமிர்தலால் போஸுக்கு வயது 22. பிறகு அவர் அரை நூற்றாண்டு நாடகத்தோடு வாழ்ந்தார். எழுதிக் குவித்தது பெரும்பாலும் கேலி நாடகங்கள்தான். வங்காளிகள் அவரை ‘ரசராஜ்’ என்று அழைத்தார்கள். 1929இல் மறைந்தார். அந்தச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. அவர் நாடகங்களும் மேடையில் இருந்தன.