கத்தரிக் குடும்பமும் நம் பயிர் வரிசையும்

இந்தச் சேலம் சமவெளியில், ஏத்தாப்பூரில், மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒன்று ஜவ்வரிசிக்கான கிழங்கு, மற்றொன்று எண்ணெய் வித்து. ஆனாலும் தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம். உண்ணும் உறுப்பை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை. தலைவாசல் சந்தையில் குவியும் கத்தரி, தக்காளி, மிளகாயும், நாம் கிழங்கு வரிசையில் வைக்கும் உருளையும் அப்படித்தான். நான்கும் சொலனேசி எனப்படும் கத்தரிக் குடும்பம். சுண்டை, மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்தரி மட்டுமல்ல, ஊமத்தையும் புகையிலையும்கூட அதில் அடக்கம். இந்த உறவைப் பாடநூலில் படித்துவிட்டு நிலத்தில் மறந்துவிடுகிறோம் என்பதே என் கவலை.

நம் மொழி இந்த உறவைப் பாதி கண்டிருந்தது. தக்காளி என்ற பெயர் முன்பு இங்கிருந்த, மணத்தக்காளி போன்ற சிறு செடிகளுக்கு உரியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பழத்தைச் சீமைத் தக்காளி என்றார்கள். பெயரிட்டவர்களின் கண் கூர்மையானது. தாவரவியலறிஞர் லின்னேயஸும் 1753-இல் தக்காளியைக் கத்தரியோடு சொலானம் பேரினத்தில் வைத்தார். மறு ஆண்டே மற்றோர் அறிஞர் மில்லர் அதைத் தனியே பிரித்தார். 1990-களில் மரபணு ஆய்வுகள் வந்த பின்னரே அது பழைய இடத்துக்குத் திரும்பத் தொடங்கியது. மிளகாயில் மட்டும் நாம் நாக்கை நம்பி மிளகோடு சேர்த்தோம். மிளகோ வெற்றிலையின் உறவு. பூவைப் பார்த்திருந்தால் பிழை நேர்ந்திராது: அடியில் இணைந்த இதழ்கள், காயான பின்னும் உதிராமல் தொப்பிபோல் நிற்கும் புல்லிவட்டம். காயிலும் இந்த உறவு தெரியும்: உருளைச் செடி காய்த்தால் பச்சைத் தக்காளி போன்ற உருண்டைக் காய் தொங்கும். அது நஞ்சு, தின்னக் கூடாது.

உழவருக்கு இது எதற்கு, எதை நடுவது என்பதைச் சந்தை விலைதானே முடிவு செய்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கத்தரி எடுத்த காட்டில் தக்காளி, அதன்பின் மிளகாய் என்று நட்டால், நமக்குத்தான் மூன்று பயிர். மண்ணில் தங்கிய பாக்டீரியா வாடல் நோய்க்கு ஒரே பயிர். அந்தக் கிருமியின் பெயரிலேயே, ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்று, இக்குடும்பம் இருக்கிறது. வாடிய செடியின் தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்தினால் பால்போல் இழை இறங்கும். அப்படி இறங்கிய காட்டில் எந்த விலையும் கைக்கு வராது.

இதே நோய் நிலக்கடலைக்கும் வாழைக்கும் இஞ்சிக்கும் வருகிறதே, குடும்பத்தை மட்டும் நம்பலாமா என்று நோயியலார் மறுப்பார்கள். நம்பக் கூடாதுதான். குடும்பம் தெரிந்தால் எதை அடுத்து நடக்கூடாது என்பதில் முதல் பிழை தவிரும். எதை நடுவது என்பதற்குச் சோளம், மக்காச்சோளம் போன்ற தானியங்களை நோக்கிப் போக வேண்டும். உறவு பகையாக மட்டும் வருவதில்லை. வேலியோரச் சுண்டை வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் பெரிதும் தாங்குகிறது. அதன் வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டுக்கட்ட முடிகிறது. நெருங்கிய உறவு இல்லாத செடியில் அந்த ஒட்டு பிடிக்காது. ஆகவே இந்த அரங்கில் கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒன்று கேட்கிறேன்: விளைச்சல் கணக்கோடு, அந்தக் காட்டில் முந்தைய மூன்று போகத்தில் எந்தக் குடும்பத்துப் பயிர் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.