ஊருக்குப் போகும்போது புதுக்கோட்டைக்கு ஒரு நாள்



மெல்போர்னில் நின்று பேசும்போது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1915இல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கைப்பிடித்தது இதே ஊரில்தான். வெள்ளைக்கார அரசு அந்த அம்மாளை ராணியாக ஏற்கவே இல்லை. பிள்ளைக்குப் பட்டமும் கிடைக்கவில்லை. பிள்ளையின் பெயர் என்ன தெரியுமா? மார்த்தாண்ட சிட்னி! சிரியுங்கள், சிரியுங்கள். மெல்போர்ன்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

இந்தக் கல்யாணக் கதை தெரிந்தவர்களுக்குக்கூட, அதே மன்னர் காலத்தில் 1910இல் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம் அமைந்தது தெரிவதில்லை. பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண்ணுக்கு இடம் கொடுத்ததும் அவர்தான். எதிர்ப்புக்கு அசையவில்லை. அந்தப் பெண்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண் குழந்தை பெற்றவர்கள் இந்த ஒன்றுக்காகவாவது அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சமஸ்தானத்தின் அம்மன் காசு. இங்கே தலை நரைத்தவர்கள் சிலர் புன்னகைக்கிறீர்கள், தெரிகிறது. சுண்டுவிரல் நகம் அகலத்துக்குச் செம்பு, ஆனால் கனமாக இருக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். ஓர் அணாவுக்கு இருபது காசு. நவராத்திரி வந்தால் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்கள். தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்றே சொல்லிக்கொண்ட அரசர்கள் அவர்கள். சுற்றிலும் பிரிட்டிஷ் ரூபாய் ஓடியபோதும், இந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானம் தன் அம்மனைக் காசிலிருந்து இறக்கவில்லை. உங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒன்று கிடந்தால் தயவுசெய்து பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். பாட்டி கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள். கையில் பிடித்த பொருளைப் பற்றிப் பிள்ளைகள் தாமாகவே நூறு கேள்வி கேட்பார்கள், தமிழிலும் கேட்பார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். தமிழ் பேசு, தமிழ் பேசு என்று பிள்ளையை அதட்டுகிறோம். விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப்போனால் எங்கே போகிறோம்? மூன்று கல்யாணம், நான்கு ஜவுளிக்கடை, ஒரு மால். இங்கே இல்லாத மாலா அங்கே இருக்கிறது? இங்கே இல்லாதது புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசல். அங்கே ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைமேல் தமிழ் பிராமி எழுத்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம். மீன், அன்னம், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் ஆள். ஒன்பதாம் நூற்றாண்டு வண்ணம். பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. நம் பிள்ளைகள் வளர்ந்து, தாமாக நினைத்துப் போகும்போது எவ்வளவு மிஞ்சியிருக்குமோ.

குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டு, நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரம், கொடும்பாளூரில் மூவர் கோயில், திருமயம் கோட்டை எல்லாம் அதே வட்டாரம்தான். 1929இலேயே சமஸ்தானம் தன் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டுவிட்டது. 1948 மார்ச் 3இல் மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் நாட்டை இந்தியாவோடு இணைத்தார். அவருடைய அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. மனு கொடுக்க வரும் விவசாயி ராஜாவின் படியேறித்தான் போகிறார்.

திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. அடுத்த முறை அங்கே இறங்கினால், ஜவுளிக்கடையில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு நாள் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போங்கள்.